சட்டைப்பைக்குள் ஒரு கண்: கைத்தொலைபேசியும் நமது குடும்பங்களும்



மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அண்மையில் நாம் அமர்ந்திருந்தோம். சிறுபோகத்துக்கு வாய்க்கால் துப்புரவு செய்வது பற்றிப் பேசி முடிந்ததும், இனிமேல் சங்க அறிவித்தல்கள் யாவும் வட்ஸ்அப்பில்தான் வரும் என்று தலைவர் சொன்னார். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"தம்பி, முந்தி நாங்கள் தாண்டிக்குளத்திலை பாஸ் காட்டித்தான் போய் வந்தனாங்கள். இப்ப இந்தப் பெட்டி நான் காட்டாமலே என்ரை பாஸை ஆருக்கோ காட்டிக்கொண்டு இருக்குதாம். எனக்கு இது வேண்டாம்."

பின்னால் இருந்த தாய் ஒருவர் தமது போனை நெஞ்சோடு அணைத்தபடி சொன்னார்: "ஐயா, இதை மட்டும் எறியச் சொல்லாதேங்கோ. காணாமற்போன என்ரை மகன்ரை படம் இதுக்குள்ளை மட்டும்தான் கிடக்கு."

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அன்று நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கைத்தொலைபேசி நம்மைப் பற்றி எதை அறிகிறது, அதை யாருக்குச் சொல்கிறது, அது இல்லாமல் நமது குடும்பங்கள் வாழ முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

டவருக்குத் தெரிவது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். பொத்தான் அமத்தும் சாதாரண போன் நம்மைக் காட்டிக்கொடாது, ஸ்மார்ட் போன்தான் காட்டிக்கொடுக்கும் என்று பலர் நினைக்கின்றனர். இது பாதி உண்மையே.

தபாற்காரருக்கு நமது வீடு தெரியாவிட்டால் கடிதம் வந்து சேராது. அதுபோலவே, நாம் எந்த டவரின் எல்லைக்குள் நிற்கிறோம் என்பது தொலைபேசிக் கம்பனிக்குத் தெரியாவிட்டால் நமக்கு அழைப்பு வராது. எனவே எந்தப் போனாயினும், அது இயங்கும் வரை அருகிலுள்ள டவரோடு தொடர்பில் இருக்கும். எந்த இலக்கம், எந்த இலக்கத்தை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவரின் கீழிருந்து அழைத்தது என்பன கம்பனியின் பதிவில் நிற்கும். நாம் பேசிய விடயம் அதில் இராது. ஆனால் யாருடன், எங்கிருந்து, எப்போது என்பது இருக்கும். நமது நாட்டில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டையோடு பதியப்படுவதால், இலக்கத்தின் பின்னால் ஒரு பெயரும் நிற்கிறது.

இப்பதிவு எவ்வளவு பேசும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கார்ப்பென்டர் வழக்கு நல்ல சான்று. கொள்ளை வழக்கொன்றில் பொலிசார் ஒருவருடைய 127 நாட் பதிவுகளைத் தொலைபேசிக் கம்பனிகளிடமிருந்து பெற்றனர். அவற்றில் அவர் நின்ற இடங்கள் 12,898 தடவை குறிக்கப்பட்டிருந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 101 தடவை! இத்தகைய பதிவுகளைப் பெறுவதற்குப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2018 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே பொத்தான் போனுக்கு மாறுவதால் டவரின் பதிவிலிருந்து நாம் தப்புவதில்லை. ஆனால் இனிச் சொல்லப்போகும் பலவற்றிலிருந்து பெரும்பாலும் தப்பலாம்.

செயலிகளுக்குத் தெரிவது என்ன?

"வானத்திலை இருக்கிற செய்மதி எங்களைப் பார்க்குது" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். உண்மையில் வழிகாட்டும் செய்மதிகள் நம்மைப் பார்ப்பதில்லை. கலங்கரை விளக்கைப்போல் அவை சமிக்ஞையை அனுப்புகின்றன. அவ்வளவே. அச்சமிக்ஞைகளைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணிப்பது நமது போன். அவ்விடத்தை வெளியே கொண்டுசெல்வது, நாம் அனுமதி கொடுத்த செயலிகள். செய்மதி பேசும், போன் கேட்கும், செயலி கோள் சொல்லும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் பல, நமது விபரங்களை விளம்பரக்காரருக்கும் தரகருக்கும் கொடுத்தே பணம் சம்பாதிக்கின்றன. சந்தையில் தரகர் நமது மிளகாயை வாங்கி இன்னொருவருக்கு விற்பதுபோல், நாம் போய்வந்த இடங்களை வாங்கி விற்கும் தரகர்களும் இருக்கின்றனர். எக்ஸ்-மோட் என்னும் அமெரிக்க நிறுவனம் பல செயலிகளிலிருந்து இவ்வாறு இடவிபரங்களைச் சேர்த்தது. அவற்றுள் தொழுகை நேரத்தையும் திசையையும் காட்டும் ஒரு செயலியும் இருந்தது. அந்நிறுவனம் சேர்த்த விபரங்கள் ஒப்பந்தக்காரர் ஊடாக அமெரிக்கப் படைத்துறைக்குப் போயின என்று 2020 நவம்பரில் செய்தி வெளியாயிற்று. தொழுவதற்கு நேரம் பார்த்தவர்கள் இதை நினைத்திருப்பார்களா? 2024 ஜனவரியில், மருத்துவ நிலையங்கள், வழிபாட்டிடங்கள் போன்றவற்றுக்குச் சென்றுவந்தோரின் இடவிபரங்களை விற்கக்கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தைத் தடுத்தது.

பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. தமது இடத்தைப் பதிவதை நிறுத்திவிட்டதாக மக்கள் நம்பிய பின்பும் கூகுள் அதைப் பதிந்து வந்தது என்று அமெரிக்காவின் 40 மாநிலங்கள் குற்றஞ்சாட்டின. 2022 நவம்பரில் 39 கோடியே 15 இலட்சம் டொலர் கொடுத்துக் கூகுள் அதைத் தீர்த்துக்கொண்டது.

வேவு மென்பொருள் பற்றி

"போனை அணைத்து வைத்தாலும் கேட்பார்களாம்" என்ற பயமும் மக்களிடம் உண்டு. இதற்கு அளவாகப் பதில் சொல்லவேண்டும். இஸ்ரேலிய நிறுவனமான என்.எஸ்.ஓ. உருவாக்கிய பெகாசஸ் என்ற மென்பொருள் போனுக்குள் நுழைந்தால், செய்திகளை வாசிக்கவும் ஒலிவாங்கியை இயக்கவும் வல்லது. அது 2016 இல் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்தது. ஏறக்குறைய 1,400 போன்கள் குறிவைக்கப்பட்டதாக வட்ஸ்அப் 2019 இல் வழக்குத் தொடர்ந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் என்.எஸ்.ஓ. நிறுவனமே பொறுப்பு என்று தீர்த்தது.

இத்தகைய மென்பொருள் விலை மிகுந்தது. அரசுகளுக்கே விற்கப்படுவது. பத்திரிகையாளர், மனித உரிமைப் பணியாளர், அரசியல்வாதிகள் போன்றோர் மீது ஏவப்பட்டது. தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும் ஒருவருக்காக அதை யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால் நம்மிடையே காணி விடுவிப்புக்காகவும் காணாமற்போனோருக்காகவும் குரல் கொடுப்போர் இருக்கின்றனர். அவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

அருகிலிருந்து வரும் ஆபத்து

நமது குடும்பங்களைப் பெரும்பாலும் தாக்குவது தொலைவிலுள்ள வேவுகாரன் அல்லன், கடன்காரன். இந்தியாவில் உடனடிக் கடன் தரும் செயலிகள் வந்தன. அவை கடன் கொடுக்குமுன் போனிலுள்ள தொடர்பிலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டன. தவணை பிந்தியதும் மாமன், மச்சான், ஆசிரியர், அயலார் என்று பட்டியலிலுள்ள அனைவருக்கும் அழைத்து அவமானப்படுத்தினர். 2020 டிசம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி இத்தகைய அனுமதியற்ற கடன் செயலிகள் பற்றி மக்களை எச்சரித்தது. தனிநபர் கடன் செயலிகள் தொடர்பிலக்கங்களையும் படங்களையும் பார்ப்பதை 2023 இல் கூகுள் தனது செயலிக் கடையில் தடைசெய்தது. கடையில் இல்லாமல் இணைப்பு வழியாக வரும் செயலிகளுக்கு அந்தத் தடை எட்டாது. நுண்கடனால் ஏற்கனவே நொந்துபோன பெண்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

புகலிடம் கோரிப் போன பிள்ளைகளும் இதை அனுபவித்துள்ளனர். கடவுச்சீட்டு இல்லாதவர்களின் போன்களைத் திறந்து ஆராய ஜேர்மனி 2017 இல் சட்டம் இயற்றியது. அதன்படி பதிவின்போதே போன்கள் வழக்கமாக ஆராயப்பட்டன. ஆப்கான் நாட்டுப் பெண் ஒருவர் வழக்காடினார். வேறு எளிய வழிகளைப் பார்க்காமல் இவ்வாறு செய்தது சட்டத்துக்கு மாறானது என்று 2023 பெப்ரவரியில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடம்பெயர்ந்தவன் கையில் கொண்டுபோகும் போன், சில வேளை அவனைப் பற்றிய சாட்சியாகவும் மாறிவிடுகிறது.

அப்படியானால் போன் இன்றி வாழலாமா?

நாம் கருவிகள் இன்றி வாழத் தெரியாதவர்கள் அல்லர். தொண்ணூறுகளில் வடக்கில் பற்றரி தடைசெய்யப்பட்டிருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. அன்று ஒருவருக்கும் இருக்கவில்லை. ஆகவே இல்லாதவர்களுக்கு ஏற்றபடியே ஊர் நடந்தது. இன்று மற்ற எல்லோரிடமும் இருக்க, ஒருவரிடம் மட்டும் இல்லாவிட்டால், ஊர் அவரை விட்டுவிட்டு நடந்துவிடும். கொரோனாக் காலத்தில், 2020 இலும் 2021 இலும், பாடங்கள் போனுக்கு மாறியபோது போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கியதை நாம் கண்ணால் கண்டோம்.

எனவே "வைத்திருப்பதா, விடுவதா" என்பதைத் தனி வீட்டின் கேள்வியாக மட்டும் பார்க்கலாகாது. போன் இல்லாதவருக்கும் கதவு திறந்திருக்கிறதா என்பதே ஊரின் கேள்வி. இதற்கு இரண்டு அனுபவங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது இந்தியாவில் நடந்தது. அங்கே அப்போது நடைமுறையில் இருந்த 100 நாள் வேலைத்திட்டத்தில், வேலைக்கு வந்தோரை நாளுக்கு இரண்டு தடவை ஸ்மார்ட் போனில் படம் பிடித்து, இடமும் நேரமும் பதிந்து அனுப்பவேண்டும் என்ற விதி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது எல்லா வேலைத்தலங்களுக்கும் கட்டாயமாயிற்று. சிக்னல் இல்லாத இடங்களில் படம் போகவில்லை. மண் வெட்டியவரின் வரவு பதியப்படாமற் போனது. ஸ்மார்ட் போன் இல்லாத பெண் மேற்பார்வையாளர்கள் திண்டாடினர். தொழிலாளர் டில்லிக்குச் சென்று போராடினர். களவைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. ஆனால் படத்தையே படம் பிடித்து அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் அந்நாட்டு அமைச்சே சுற்றறிக்கை அனுப்பியது. உழைத்தவன் கூலியை இழந்தான், ஏமாற்றியவனோ வழி கண்டுபிடித்தான்.

இரண்டாவது நமது நாட்டில் நடந்தது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்தபோது, ஜூலை மாதத்தில் கியூ.ஆர். முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். பதிவு இணையத்தில்தான். ஆனால் ஒருமுறை பதிந்து விட்டால், அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கடதாசியில் அச்சிட்டுக் காட்டினாலும் எண்ணெய் கிடைத்தது. கொமியூனிகேஷன் கடையில் அச்சடித்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! வாசிக்கும் கருவி எண்ணெய் நிலையத்தில் இருந்தது. விவசாயியின் கையில் ஒரு துண்டுக் கடதாசி போதுமாக இருந்தது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே: கருவி தேவையென்றால் அது கருமபீடத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். மக்களின் பக்கத்தில் கடதாசியும் செல்லுபடியாகட்டும். எந்த அலுவலகமும், எந்த நிறுவனமும், நமது சங்கங்களும் இந்த ஒழுங்கைப் பின்பற்ற முடியும்.

பொத்தான் போனே போதுமான வேலைகளும் பல உள்ளன. விவசாய ஆலோசனைக்கு 1920, அரச தகவல்களுக்கு 1919, அனர்த்த வேளையில் 117, அவசர அம்புலன்சுக்கு 1990 ஆகிய இலக்கங்களுக்கு எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம். வங்கியின் குறுஞ்செய்தியும் அதில் வரும். வானிலை அறிக்கையை வானொலி சொல்லும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. குடும்பமாக இருந்து, போனால் நடக்கும் வேலைகளைக் கொப்பியில் எழுதுங்கள். எவற்றுக்கு ஸ்மார்ட் போன் வேண்டும், எவற்றுக்குப் பொத்தான் போன் போதும் என்று பிரியுங்கள். முதற்பட்டியல் நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கலாம்.

2. பல வீடுகளுக்கு ஒரு ஸ்மார்ட் போன் போதும். அது வீட்டில் இருக்கட்டும். வயலுக்கும் சந்தைக்கும் பொத்தான் போனைக் கொண்டுபோகலாம். சேற்றில் விழுந்தாலும் நட்டம் குறைவு. புதிதாக வாங்குவதானால் 4ஜி உள்ளதை வாங்குங்கள். பழைய 2ஜி சேவையைச் சில நாடுகளில் கம்பனிகள் நிறுத்திவிட்டன.

3. ஸ்மார்ட் போனின் அமைப்புகளுக்குள் சென்று, ஒவ்வொரு செயலிக்கும் எந்த அனுமதி கொடுக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். டோர்ச் வெளிச்சம் தரும் செயலிக்கு நமது தொடர்பிலக்கங்கள் எதற்கு? விளையாட்டுக்கு ஒலிவாங்கி எதற்கு? தேவையற்ற அனுமதியை நிறுத்துங்கள், தேவையற்ற செயலியை நீக்குங்கள். பிள்ளைகள் இதை விரைவாகச் செய்து தருவார்கள்.

4. யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டிச் செயலி ஏற்றவேண்டாம். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லவேண்டாம்.

5. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சி, காணாமற்போனவரின் படம் ஆகியவற்றைப் போனில் மட்டும் வைத்திருக்கவேண்டாம். படத்தை அச்சிட்டு, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பதியப்பட்ட உறுதியின் அத்தாட்சிப் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். ஒரே இடத்தில் வைத்த எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தவர்கள் நாம்.

6. திருத்தக் கொடுக்கும்போது சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றி எடுங்கள். விற்குமுன் உள்ளிருப்பதை முற்றாக அழியுங்கள்.

7. நமது பெயரில் எடுத்த சிம்மை மற்றவருக்குக் கொடுக்கவேண்டாம். நமது அடையாள அட்டையில் எத்தனை சிம்கள் உள்ளன என்று கம்பனியின் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

8. ஓரிடத்துக்குப் போவது பதியப்படக்கூடாது என்று எண்ணினால் நிச்சயமான வழி ஒன்றே: போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

வட்ஸ்அப் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் இலக்கமும் குழுவிலுள்ள மற்றவர்களுக்குத் தெரியக்கூடும். இளம் பெண்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் இதனால் தொல்லை வரலாம். எனவே அவர்கள் விருப்பத்தைக் கேட்டுச் சேருங்கள். நிவாரணப் பட்டியலை அடையாள அட்டை இலக்கத்தோடு படம் பிடித்துக் குழுவில் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அறிவித்தல் பலகையை மீண்டும் எழுதத் தொடங்குங்கள். போன் இல்லாத வீடுகளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள்.

அலுவலகம் ஒன்று போன் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்று சொன்னால், எந்தச் சுற்றறிக்கையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அவ்வாறு கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. தனிப்பட்ட விபரங்களைக் காப்பதற்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவது பலகாலம் பிற்போடப்பட்டது. சட்டம் தாமதித்தாலும் நமது சங்கத்தின் ஒழுங்கை நாமே இன்று எழுதிக்கொள்ளலாம்.

அந்த முதியவருக்கும் அந்தத் தாய்க்கும்

அடுத்த கூட்டத்துக்கு நாம் மீண்டும் சென்றோம். முதியவர் ஸ்மார்ட் போன் வாங்கவில்லை. அவருடைய வீட்டுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பைப் பக்கத்து வீட்டுப் பையன் ஏற்றிருந்தான். மரத்தடியில் பலகை ஒன்றும் நடப்பட்டிருந்தது. அந்தத் தாயின் போனிலிருந்த படத்தை இளைஞர் இருவர் பட்டினத்துக்குக் கொண்டுபோய் மூன்று பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்தனர். ஒன்றை அவர் வீட்டுச் சுவரில் மாட்டினார். ஒன்று அவருடைய தங்கையிடம் போனது. மூன்றாவது அவருடைய கைப்பைக்குள் இருக்கிறது.

"இனி இது பழுதாப் போனாலும் பயமில்லை," என்றார் அவர், போனைக் காட்டி.

கூடிப் பேசுவதற்கு

நமது வீட்டில் போனால் மட்டுமே நடக்கும் வேலைகள் எவை? நமது சங்கத்தின் அறிவித்தல் சென்று சேராத வீடுகள் எத்தனை? நம்மிடமுள்ள பட்டியல்களில் தேவையில்லாமல் எழுதி வைத்திருக்கும் விபரங்கள் எவை? அடுத்த கூட்டத்தில் இம்மூன்று கேள்விகளையும் எடுத்துப் பேசுங்கள். என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதை நமக்கு ஒரு கடிதத்தில் எழுதுங்கள்.